அறியாதவர் வாசலில் தொங்கும் மணி: ஒரு தாயின் துக்கம் நகரத்தின் கைவேலையான கதை

டூசான், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிக்கோ எல்லைக்கு அருகில் உள்ள பாலைவன நகரம். அங்கே காலையில் வேலைக்குப் போகும் ஒருவர், தெருவோர மரக்கிளையிலோ பூங்கா வேலியிலோ களிமண்ணால் செய்த வண்ண மணி ஒன்று தொங்குவதைக் காணக்கூடும். இதை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள், தொங்கவிடுங்கள், பிறரிடம் கனிவாக இருக்க மறவாதீர்கள் என்ற பொருளில் ஒரு குறிப்பு அதில் கட்டப்பட்டிருக்கும். மணிக்கு விலை இல்லை. செய்தவர் பெயரும் இல்லை, யாருக்கு என்ற முகவரியும் இல்லை.

'பென்னின் மணிகள்' என்று அழைக்கப்படும் இவை 2003 முதல் அந்நகரில் தொங்கவிடப்பட்டு வருகின்றன. இவை எப்படித் தோன்றின, எப்படிச் செய்யப்படுகின்றன, அந்த வேலையில் பங்கெடுப்பது என்றால் என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இழப்பைச் சுமந்து வாழும் நாங்கள் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதை எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் பார்க்கிறது.

பென்

பென், டூசானில் வாழ்ந்த ஜெனெட் மாரே என்ற பெண்ணின் மகன். 2002 மார்ச் 29ஆம் திகதி, மூன்றாவது பிறந்தநாளுக்குச் சற்று முன்னதாக அவன் இறந்துபோனான். 'குரூப்' எனப்படும் சுவாசப்பாதை வீக்கமே காரணம். சிறு பிள்ளைகளுக்கு வழமையாக வரும் நோய்தான் அது. பெரும்பாலான பிள்ளைகள் சில நாட்களில் குணமாகிவிடுவார்கள். பென்னின் சுவாசப்பாதையோ திடீரென அடைத்துக்கொண்டது.

அதற்குப் பிந்திய நாட்களில் தான் கண்டதை மாரே பலமுறை பொதுவெளியில் பேசியிருக்கிறார். கடைக்குப் போகும்போதும் தெருவில் நடக்கும்போதும் எதிர்ப்படுவோருக்குத் தன் பிள்ளை இறந்தது தெரியாது. யாரோ ஒருவர் கதவைத் திறந்து பிடித்தால், ஒரு காசாளர் முகம் பார்த்துச் சிரித்தால், அந்த நாளைக் கடந்துவிட அது உதவியது. ஒருவர் எரிந்து விழுந்தால் அந்த நாள் முழுதும் உடைந்துபோனது. அவர்கள் யாரும் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. தங்கள் முன் நிற்பவர் எதைச் சுமந்து நிற்கிறார் என்பதை அவர்கள் அறியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டின் பின்புறத்தில் நண்பர்களும் உறவினர்களும் கூடினார்கள். களிமண்ணை உருட்டி, உருண்டைகளும் பூக்களும் செய்து, சுட்டு, கோத்து, மணிகளாக்கினார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் வந்தவர்களுக்குக் கைக்கு ஒரு வேலை கிடைத்தது. பென் இறந்து ஓராண்டு நிறைந்தபோது, 2003 மார்ச்சில், 400 மணிகள் டூசான் நகரெங்கும் தொங்கவிடப்பட்டன. பென் யாரென்றே அறியாதவர்கள் அவற்றை எடுத்துச் சென்றார்கள். காலப்போக்கில் இந்த வேலை ஓர் இலாப நோக்கற்ற நிறுவனமாக வளர்ந்தது. நகர மத்தியில் ஒரு களிமண் கூடம் அமைந்தது. பாடசாலைகளில் கனிவைப் பற்றிய கல்வித் திட்டம் தொடங்கியது. 'கனிவாயிரு' என்ற பொருள் தரும் பச்சைநிறப் பூச் சின்னம் நகரச் சுவர்களிலும் வாகனங்களிலும் பரவலாகத் தெரியத் தொடங்கியது.

ஒரு மணி உருவாகும் விதம்

வேலை பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதுதான் இதன் சிறப்பு. ஒருவர் தனியாக இருந்து ஒரு மணியை முடிப்பதில்லை. ஒரு மணி முழுமையடைவதற்குள் பத்துப் பேரளவில் அதைத் தொட்டிருப்பார்கள்.

முதற்கட்டம் பிசைதல். களிமண்ணுக்குள் காற்றுக்குமிழ் இல்லாதபடி நன்றாகப் பிசையவேண்டும். அடுத்து உருவம் கொடுத்தல். உருண்டைகளும் பூ வடிவத் துண்டுகளும் கையால் செய்யப்படும். அச்சுகளையோ கூரிய பொருட்களையோ அழுத்தி அவற்றில் கோடுகளும் புள்ளிகளும் பதிப்பார்கள். நூல் செல்வதற்கான துளையை ஈரம் காய்வதற்கு முன்பே இட்டுவிடவேண்டும். காய்ந்த களிமண்ணில் துளையிட்டால் வெடித்துப்போகும்.

பின்னர் உலர்த்தல். இதில் அவசரப்படக் கூடாது. உள்ளே ஈரம் இருக்கும் துண்டைச் சூளையில் வைத்தால், அந்த நீர் ஆவியாகி விரிந்து துண்டைச் சிதறடிக்கும். பக்கத்தில் இருக்கும் துண்டுகளையும் அது சேர்த்து உடைத்துவிடும். எங்கள் ஊர்க் குயவர்களும் காலங்காலமாக அறிந்த விடயம்தான் இது.

நன்கு உலர்ந்தவை முதல் சூட்டுக்குப் போகும். இவ்வகை மண்வேலையில் முதல் சூடு ஏறத்தாழ 1,000 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அதன்பின் வேறு சிலர் அவற்றுக்கு வண்ணம் பூசுவார்கள். 'கிளேஸ்' எனப்படும் அந்தப் பூச்சு இரண்டாவது சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் ஒட்டிக்கொள்ளும். பூச்சுப் பட்ட இடம் சூளைத் தட்டில் தொடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். தொட்டால் தட்டோடு சேர்ந்து இறுகிவிடும்.

கடைசியாகக் கோத்தல். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு பேர் செய்த உருண்டைகள் ஒரே நூலில் சேரும். நடுவே பூ வரும், அடியில் ஒலிக்கும் மணி வரும். தான் உருட்டியது எந்த நூலில் போய்ச் சேர்ந்தது என்று செய்தவருக்குத் தெரியாது.

பங்கெடுப்பவர்

இதில் சேர ஓவியமோ சிற்பமோ தெரிந்திருக்கத் தேவையில்லை. பாடசாலை மாணவர், ஓய்வுபெற்றவர், அலுவலகக் குழுக்கள், குடும்பமாக வருபவர்கள் என்று பலரும் கூடத்தில் வந்து உட்காருகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை உருட்டிய கோணலான உருண்டையும் தேர்ந்த கையின் உருண்டையும் ஒரே நூலில் ஏறும். கோணலானதை யாரும் ஒதுக்குவதில்லை.

துக்கத்தில் இருப்பவரும் வருகிறார், வெறுமனே பொழுதுபோக்க வருபவரும் வருகிறார். இருவரும் ஒரே மேசையில் இருக்கிறார்கள். யார் எதற்காக வந்தார் என்று மேசைக்குத் தெரியாது. பேச விரும்பினால் பேசலாம், இல்லாவிட்டால் மண்ணை உருட்டிக்கொண்டிருக்கலாம். துக்கம் விசாரிக்க வருபவர்கள் முன் இருந்து பதில் சொல்லிக் களைத்தவர்களுக்கு, கேள்வியே கேட்காத ஒரு மேசை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது தெரியும்.

இந்த மணிகள் விற்கப்படுவதில்லை என்பது முக்கியமான விதி. ஒரு மணி ஒருவருக்கு இரண்டு வழிகளில் கிடைக்கலாம். தற்செயலாக வழியில் கண்டெடுக்கலாம். அல்லது, தன் ஊரில் பிறருக்கு நன்மை செய்பவர் என்று மற்றவர்கள் முன்மொழிந்து, அதற்கான மரியாதையாக ஒரு மணி வழங்கப்படலாம். காசு கொடுத்து வாங்கக்கூடியதாக இருந்தால், கண்டெடுத்தவருக்கு அது ஒரு பொருளாக மட்டுமே இருந்திருக்கும்.

ஏன் அறியாதவருக்கு?

இறந்தவர் நினைவாக எதையாவது கொடுப்பது எல்லாச் சமூகங்களிலும் உள்ள வழக்கம். எங்களிடமும் அன்னதானம் உண்டு, தண்ணீர்ப் பந்தல் உண்டு, பெயர் பொறித்த கிணறும் வாசிகசாலையும் உண்டு. ஆனால், அவற்றில் கொடுப்பவர் பெயர் பெரும்பாலும் தெரியும். பெறுபவரும் அருகில் நிற்பார்.

மணியில் இரண்டு பக்கமும் மறைந்திருக்கின்றன. ஆகவே, யாரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. பெறுபவர் நன்றி சொல்ல முடியாது. கொடுத்தவர் அந்த நன்றிக்காகக் காத்திருக்கவும் முடியாது. அந்த நன்றிக்குப் போக வேறு வழியில்லாததால், கண்டெடுத்தவர் அதை இன்னொருவரிடம்தான் கொண்டு சேர்க்கவேண்டியிருக்கிறது. மாரேக்குக் கடையிலும் தெருவிலும் கிடைத்த ஆறுதல் தன்னை அறியாதவர்களிடமிருந்தே வந்தது. அதே வழியாகவே அவர் அதைத் திருப்பி அனுப்புகிறார்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளையை இழந்த வீட்டில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லவே மற்றவர்கள் தயங்குவார்கள். சில ஆண்டுகளில் பெயர் வீட்டுச் சுவர்களுக்குள் அடங்கிவிடும். டூசானில் ஒரு சிறுவனின் பெயர் வீட்டை விட்டு வெளியே வந்து நகரத்தின் பேச்சில் கலந்துவிட்டது. அவனைக் காணாதவர்களும் அவன் பெயரைச் சொல்கிறார்கள்.

2011 ஜனவரி 8

2011 ஜனவரி 8ஆம் திகதி, டூசானுக்கு அருகே ஒரு சுப்பர் மார்க்கட்டின் முன்னால், காங்கிரஸ் உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் தன் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். 6 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒன்பது வயதுச் சிறுமியும் ஒரு சமஷ்டி நீதிபதியும் இருந்தார்கள். தலையில் சுடப்பட்ட கிஃபோர்ட்ஸ் உட்பட 13 பேர் காயமடைந்தார்கள்.

ஒரு வீட்டுத் துக்கத்திலிருந்து பிறந்த கைவேலை அப்போது ஒரு நகரத்தின் துக்கத்துக்குப் பயன்பட்டது. நகரத்தவர்கள் களிமண் கூடத்துக்கு வந்தார்கள். மணிகள் மீண்டும் நகரெங்கும் தொங்கவிடப்பட்டன. 2012 டிசம்பர் 14இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் நகரில், சாண்டி ஹூக் பாடசாலையில் 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, டூசானில் செய்த மணிகள் அங்கும் சென்றன. அடுத்த ஆண்டு அந்த நகரத்தின் மரங்களில் அவை தொங்கின.

இங்கே நாங்கள் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. மணிகளைத் தொங்கவிட்டதால் டூசான் மக்கள் நீதியைக் கைவிடவில்லை. சுட்டவன் பிடிபட்டான், வழக்கு நடந்தது, 2012 நவம்பரில் அவனுக்கு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. தண்டனை வழங்கப்பட்ட அன்று பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் அவன் முகத்துக்கு நேரே பேசினார்கள். களிமண் கூடத்தில் ஆறுதல் தேடியவர்களை, அப்படியானால் வழக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

வேறு கைகள், வேறு காரணங்கள்

அறியாதவருக்காகச் சிற்பம் விட்டுச்செல்லும் பழக்கம் துக்கத்தில் மட்டும் பிறப்பதில்லை. 2011 மார்ச்சில், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் உள்ள ஸ்கொட்டிஷ் கவிதை நூலகத்தில், பழைய புத்தகத் தாள்களை வெட்டிச் செய்த சிறு மரம் ஒன்று மேசையில் இருந்தது. யார் வைத்ததென்று தெரியவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் நகரத்தின் நூலகங்களிலும் கலை நிலையங்களிலும் மொத்தம் பத்துத் தாள் சிற்பங்கள் கண்டெடுக்கப்பட்டன. நூலகங்களுக்கும் புத்தகங்களுக்கும் நன்றி சொல்லும் குறிப்புகள் அவற்றோடு இருந்தன. செய்தவர் ஒரு பெண் என்பதற்கு மேல் அவர் தன்னை வெளிப்படுத்தவில்லை. நூலகம் ஒன்றுக்குத் தீ வைக்கப்பட்டதைக் கண்ட எங்களுக்கு, ஒரு நூலகத்துக்கு நன்றி சொல்ல ஒருவர் இரவிரவாகத் தாள் வெட்டியிருப்பார் என்பதை விளங்கிக்கொள்வது கடினமில்லை.

அமெரிக்காவின் கேப் கோட் கடற்கரையில் மேகன் மர்பி என்ற பெண் 2015இல் கூழாங்கற்களில் ஆறுதல் வார்த்தைகளை எழுதி நடைபாதையில் விட்டுச்செல்லத் தொடங்கினார். அவரும் பெற்றோரை இழந்தவர். அந்தப் பழக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. ஒரு கல், கொஞ்சம் வண்ணம், அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

எங்கள் மண்ணில்

இதையெல்லாம் வாசிக்கும் ஒருவர், நாங்களும் இப்படிச் செய்யலாமே என்று நினைக்கலாம். அதற்கு முன்னர் மூன்று வேறுபாடுகளைப் பார்க்கவேண்டும்.

முதலாவது, நிலம். வழியில் கிடக்கும் அறியாத பொருளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு, அந்த மண்மீது நம்பிக்கை இருக்கவேண்டும். வன்னியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர்மாறானது. அறியாத பொருளைக் கண்டால் தொடாதே, எடுக்காதே, பெரியவர்களிடம் சொல் என்பதுதான் மிதிவெடி அபாயக் கல்வியின் முதல் பாடம். மண்டையோட்டுச் சின்னம் போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, மரத்தில் தொங்கும் வண்ணப் பொருள் பரிசாகத் தெரியாது. தெரியவும் கூடாது. கண்ணிவெடி அகற்றும் பணி நடந்த, நடக்கின்ற பிரதேசங்களில் எவரும் எந்தப் பொருளையும் அப்படி விட்டுச்செல்லக் கூடாது.

இரண்டாவது, திகதி. பென் இறந்த நாள் தெரியும், காரணம் தெரியும். அதனால்தான் ஓராண்டு நிறைவில் 400 மணிகளைத் தொங்கவிட முடிந்தது. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் வீதியோரத்தில் இருந்து போராடத் தொடங்கிய தாய்மாருக்கு அந்த ஒரு திகதியே இல்லை. பிள்ளை இறந்ததாகச் சொல்வதற்கு அவர்கள் உடன்படவும் இல்லை. அவர்கள் கேட்பது பதில். அந்தத் தாய் ஒருவரிடம் களிமண்ணைக் கொடுத்து, பிள்ளையின் நினைவாக ஒன்று செய்யுங்கள் என்று யாராவது சொன்னால், அது அவருடைய கேள்வியை மூடி வைக்கச் சொல்வதாகவே அவர் காதில் விழும். எந்தக் கலைத் திட்டமும், எந்த நல்லெண்ணமும் அந்தக் கேள்விக்கு மாற்றாகாது.

மூன்றாவது, பொதுவெளி. டூசான் துப்பாக்கிச் சூட்டுக்கான நிரந்தர நினைவிடம், பத்தாவது ஆண்டு நிறைவான 2021 ஜனவரி 8ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. அதே 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவுதான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடித்தழிக்கப்பட்டது. மாணவர்களின் போராட்டத்துக்குப் பிறகு அது மீண்டும் கட்டப்பட்டது. ஒரே நாளில், ஒரு நகரத்தில் நினைவுக்கு இடம் கொடுத்தார்கள், இன்னொரு நகரத்தில் பறித்தார்கள். மரத்தில் மணி கட்டுபவருக்கு டூசானில் யாரும் பெயர் கேட்டுப் பதிவு செய்வதில்லை.

கஞ்சி

இத்தனை வேறுபாடுகளுக்கு நடுவிலும், மணியைப் போன்ற ஒன்றை எங்கள் மக்கள் தாங்களாகவே கண்டடைந்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் மே 12 முதல் 18 வரை வடக்கு கிழக்கின் பல இடங்களில், கோவில் முன்றலிலும் சந்தியிலும் வீதியோரத்திலும் கஞ்சி காய்ச்சுகிறார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. 2009இன் கடைசி வாரங்களில் கிடைத்த அதே உணவு. கஞ்சிக்கு வரிசையில் நின்றபோதே எறிகணை விழுந்து இறந்தவர்களின் உறவுகளும் அந்தப் பானையைச் சுற்றி நிற்பதுண்டு.

அவர்கள் அதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வதில்லை. வீதியால் போகிறவரை மறித்துக் கொடுக்கிறார்கள். சிரட்டையில் வாங்கிக் குடிப்பவர் யார், எந்த ஊர், எந்த மதம் என்று கேட்பதில்லை. 2009இல் பிறந்தே இராத பிள்ளையும் அந்தக் கஞ்சியின் உப்பை அறிந்துகொள்கிறது. மணியைப் போலவே இதையும் விலைக்கு வாங்க முடியாது. பலர் கைபட்டுத்தான் இதுவும் உருவாகிறது. ஒருவர் அரிசி கொண்டுவருவார், ஒருவர் விறகு கொண்டுவருவார், ஒருவர் துடுப்புப் பிடிப்பார்.

ஒரேயொரு மாற்றம், கஞ்சி கையிலிருந்து கைக்குப் போகிறது. பொருளை விட்டுச்செல்ல அஞ்சவேண்டிய மண்ணில், முகம் பார்த்துக் கொடுப்பதே பொருத்தமான வழி. அதற்கும் விலை கொடுக்க நேர்ந்திருக்கிறது. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் கஞ்சி வழங்கியமைக்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைது செய்யப்பட்டார்கள். ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு அவ்வளவு வலு இருக்கிறது என்பதை அந்தக் கைதே சொல்லிவிட்டது.

செய்ய விரும்புவோருக்கு

மண்ணில் கைவைத்து ஏதாவது செய்ய விரும்புகிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு டூசானின் அனுபவத்திலிருந்து சில நடைமுறைக் குறிப்புகள் உதவலாம்.

வேலையைச் சிறு கட்டங்களாகப் பிரியுங்கள். யாரும் முழுவதையும் முடிக்கவேண்டியதில்லை என்றால், அரை மணித்தியாலம் மட்டும் இருந்துவிட்டுப் போகிறவரும் பங்காளியாகிவிடுவார்.

வருகிறவரிடம் கதை கேட்காதீர்கள். ஆணைக்குழுக்களுக்கும் விசாரணைகளுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்தவர்கள் அவர்கள். இது சாட்சியம் பதியும் இடமல்ல. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

சுடாத களிமண் மழையில் கரைந்துவிடும். அருகில் குயவர் குடும்பம் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். சூளையின் பக்குவம் அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய நேரத்துக்கும் விறகுக்கும் உரிய கூலியைக் கொடுங்கள்.

செய்ததைக் கையில் கொடுங்கள், அல்லது மக்கள் நன்கு அறிந்த இடத்தில், அங்குள்ளவர்களின் சம்மதத்தோடு வையுங்கள். வாசிகசாலை மேசையும் முன்பள்ளி வாசலும் வைத்தியசாலையில் காத்திருக்கும் இடமும் இதற்கு ஏற்றவை.

வந்தவர்களைப் படமெடுத்து அறிக்கைகளில் போடாதீர்கள். நல்லிணக்கம் என்றோ குணமாதல் என்றோ பெயர் சூட்டாதீர்கள். அந்தச் சொற்களைத் தங்கள்மீது யாராவது ஒட்டுவதை எங்கள் மக்கள் போதுமான அளவு கண்டுவிட்டார்கள்.

டூசானின் மணி ஒரு பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. அந்தத் தாயும் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் அடுத்த நாள் காலையில் எழுந்தபின் கைகளுக்குச் செய்ய ஒரு வேலையையும், அந்த வேலைக்குப் பக்கத்தில் உட்கார நாலு பேரையும் அது கொடுத்தது. நீதி கேட்டு வீதியில் இருக்கும் தாய்க்கும் அந்த நாலு பேர் தேவை. அவருடைய கேள்வியைக் கைவிடச் சொல்லாமல், அவர் பக்கத்தில் போய் இருப்பதற்கு நாங்கள் தயாரா என்பதுதான் இங்கே எஞ்சியிருக்கும் கேள்வி.